தரையை விட்டுக் காலெடுத்த செம்பி

மின்சுற்றுத் தகட்டில் குடியிருந்தவர்களெல்லாம் மனிதரைப் போல வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஓர் ஏரியின் மதகுக் கோபுரத்து உச்சியில் நீர்மட்டம் அளக்கும் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் செம்பி என்ற மின்தேக்கி தன் மூன்று தங்கைகளோடு வாழ்ந்துவந்தாள். சுண்டைக்காய் அளவுதான் இருப்பாள். மின்சாரத்தை வாய் நிறையக் குடித்து வைத்துக்கொள்வாள். யாராவது கேட்டால் கொடுப்பாள். அவ்வளவுதான் வேலை.

பெட்டிக்குள் பெரிய ஆள் ஓலையன். பதினாறு கால் கொண்ட தூதுச் சில்லு. ஏரியில் எத்தனை அடி நீர் என்று வடத்தின் வழியே கீழே மதகு அறைக்குச் சொல்பவன் அவன்தான். அங்கே, கேட்டதைத் தாளில் அடித்துத் தரும் அச்சுப்பெட்டிக்கோ காது மந்தம். இவர்கள் பேச்சில் தரை என்றால் பூஜ்ய வோல்ட். ‘இல்லை’ என்பதைத் தரைக்கு மேலே நல்ல உயரத்திலிருந்து சொல்ல வேண்டும். ‘ஆம்’ என்பதைத் தரைக்கும் கீழே ஆழத்தில் இறங்கிச் சொல்ல வேண்டும். அந்த உயரத்தையும் ஆழத்தையும் கொடுப்பதற்கென்றே தரைக்கு மேலே பன்னிரண்டு வோல்ட் தரும் மேல்பன்னிரண்டு, கீழே பன்னிரண்டு வோல்ட் தரும் கீழ்ப்பன்னிரண்டு என்று பருத்த அண்ணன்மார் இருவர் வெளியே ஓர் இரும்புப் பெட்டியில் இருந்தார்கள்.

ஐப்பசி மாதம், ஒரு காலைநேரம். விடாமல் அடித்த மழையில் இரும்புப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. அண்ணன்மார் இருவரும் ஒருசேர அடங்கிப்போனார்கள். மிஞ்சியது கோபுரப் பெட்டிக்குள் இருந்த பேட்டரி தரும் ஐந்து வோல்ட் மட்டுமே.

கீழே மதகுக் காவல்காரி பூரணி வெற்றுத்தாளைப் பார்த்துப் பதறினாள். “எத்தனை அடின்னு தெரியாம மதகை எப்படித் தூக்குறது? அதிகமாத் தூக்கினா வயல் போகும், தூக்காம விட்டா கரை போகும்!”

அவள் குரல் கோபுர உச்சிவரை கேட்டது. ஓலையன் தொண்டை வறளக் கத்திப்பார்த்தான். தாளில் ஓர் எழுத்துகூட விழவில்லை.

“அஞ்சுக்கு மேல எழும்ப முடியலையே! தரைக்குக் கீழ போக வழியே இல்லையே!” என்று தவித்தான்.

செம்பிக்கு மனசு கேட்கவில்லை. “ஓலையண்ணே, என் கால் தரையில இருக்கு, தலை அஞ்சுல இருக்கு. இப்படியே என்னைத் தூக்கி, என் காலை அந்த அஞ்சு மேல வச்சா என்ன?”

“தரையை விட்டுக் காலெடுத்த மின்தேக்கி உண்டா? வெடிச்சுப்போவ, புள்ளே!”

“வெடிச்சா வெடிக்கிறேன். நீங்க கதவைத் திறங்க.”

ஓலையனுக்குள் சின்னச் சின்னக் கதவுகள் பல உண்டு. தரைக் கதவைச் சாத்தினான். ஐந்தின் கதவைத் திறந்தான். செம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காலடியில் தரை நழுவியது. கண் திறந்தால், குடித்த ஐந்து குடித்தபடியே இருக்க, தலை மட்டும் பத்தில் நின்றது!

“அடியே, நான் வெடிக்கலடி!” என்று கூவிக்கொண்டே தன்னிடமிருந்ததை முதல் தங்கைக்கு ஊற்றினாள். அவள் அந்தப் பத்தைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாம் தங்கைக்குக் குறும்பு அதிகம். அக்காள் பிடித்துவைத்த பத்தைக் குடித்துவிட்டு, “அண்ணே, என் தலையைத் தரையில வைங்க” என்றாள். வைத்ததும் அவள் கால்கள் தரைக்குக் கீழே பத்து வோல்ட் ஆழத்தில் தொங்கின. “குழி தோண்டாமலே கீழ வந்துட்டேன்!” என்று அவள் சிரித்த சிரிப்பில் பெட்டியே குலுங்கியது. கடைசித் தங்கை அந்த ஆழத்தைப் பத்திரப்படுத்தினாள்.

அந்த உயரத்திலும் ஆழத்திலும் நின்று ஓலையன் பேசப் பேச இரண்டும் குறைந்தன. செம்பி சளைக்கவில்லை. இறங்கிக் குடித்தாள், ஏறி ஊற்றினாள், மறுபடி இறங்கினாள். ஊஞ்சல் ஆடுவதுபோல இருந்தது அவளுக்கு; நிறுத்தவே மனமில்லை.

கீழே தாளில் ‘இருபத்திரண்டு அடி’ என்று பளிச்சென விழுந்தது. பூரணி ஓடிப்போய் மூன்று மதகுகளை அரை அளவுக்குத் தூக்கினாள். வயலும் பிழைத்தது, கரையும் பிழைத்தது.

வெயில் வந்ததும் அண்ணன்மார் உலர்ந்து எழுந்து, “நாங்க வரட்டுமா?” என்று கேட்டார்கள்.

“ஓய்வா இருங்கண்ணே, இவளுங்க விளையாட்டை நிறுத்த என்னால ஆகாது” என்றான் ஓலையன்.

அந்த நாளிலிருந்துதான் தூதுச் சில்லு எந்தத் தகட்டுக்குக் குடிபோனாலும் நான்கு மின்தேக்கிகளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறது. ஐந்து வோல்ட் மட்டும் கொடுத்துவிட்டு அளந்து பாருங்கள்: சில்லின் ஒரு காலில் ஏறக்குறைய பத்து, இன்னொரு காலில் தரைக்குக் கீழே ஏறக்குறைய பத்து. உள்ளே நொடிக்குப் பல்லாயிரம் முறை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள் அக்காளும் தங்கையும்.