தாழ்ப்பாள் இல்லாத மடம்

குருவும் சீடனும் வரும் கதைகளில் சோறு தானாகவே வெந்துவிடும். குரு ஒரு கேள்வி கேட்பார், சீடன் திகைப்பான், பிறகு இருவரும் சாப்பிடுவார்கள். உலை வைத்தவள் யார், அரிசியில் கல் பொறுக்கியவள் யார், அந்த நேரத்தில் அவள் பெற்ற பிள்ளை எங்கே அழுதுகொண்டிருந்தது என்று எந்தக் கதையும் சொல்வதில்லை.

இந்தக் கதை சொல்லும். அவள் பெயர் உலகம்மாள்.

தாமிரபரணி மலையை விட்டுக் கீழிறங்கும் இடத்தில் ஒரு சிறிய மடம் இருந்தது. ஞானம் தேடி அங்கே வந்தவன் உலகம்மாளின் புருஷன். மனைவியையும் மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஒன்றரை வருடம் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தான். ஞானம் வந்தபாடில்லை. வடக்கே போனால் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, கிளம்பிவிட்டான். போகும்போது செம்பை எடுத்துக்கொள்ள மறக்கவில்லை. மனைவியையும் மகளையும் மறந்துவிட்டான்.

உலகம்மாள் தங்கிவிட்டாள். குருவுக்கும் ஆறு சீடர்களுக்கும் சமைத்தாள். அடுக்களையிலிருந்து கூடம் பத்தடி தூரம். குரு பேசுவதெல்லாம் காதில் விழும். பத்து வருடமாகப் புளி கரைத்துக்கொண்டே கேட்டவளுக்கு, சம்மணமிட்டுக் கேட்டவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே விளங்கியிருந்தது. குருவுக்கு அது தெரியும். அவளையும் தம் சீடர்களில் ஒருத்தியாகவே அவர் எண்ணினார். மற்றவர்கள் அப்படி எண்ணவில்லை.

மடத்துக்கு ஒரு விதி உண்டு. எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கூடாது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் குருவே தம் கையால் எல்லாத் தாழ்ப்பாள்களையும் கழற்றி, ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, மாட்டுத் தொழுவத்தின் பரணில் ஏற்றிவிட்டார். காரணம் சொல்லவில்லை. ஆகையால் சீடர்களே ஒரு காரணம் செய்துகொண்டார்கள்: ஒளிக்க ஏதுமில்லாதவனுக்குத் தாழ்ப்பாள் எதற்கு? வந்தவர் போனவரிடமெல்லாம் இதைச் சொல்லிப் பூரித்தார்கள். உலகம்மாளும் பூரித்தவள்தான்.

மகள் மரகதத்துக்கு இப்போது பதினான்கு வயது.

காலையில் அடுப்படிக்கு வந்து பின்னாலிருந்து தாயின் இடுப்பைக் கட்டிக்கொள்வாள். பத்து மணிக்கு, "நீ என்னத்துக்கு இப்படி மூச்சு விடுதே?" என்று சண்டைக்கு வருவாள். மத்தியானம் காரணமில்லாமல் அழுவாள். சாயங்காலம் காரணமில்லாமல் சிரிப்பாள். அவளுடைய அறை அடுக்களையை ஒட்டி இருந்தது. மடத்தின் நெல் மூட்டைகளும் பஞ்சாங்கமும் அங்கேதான் இருந்தன. திதி பார்க்க வேண்டிய சீடர் எவரும் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைவார். அவள் தலை துவட்டிக்கொண்டிருந்தாலும் சரி, பாவாடை நாடாவை முடிந்துகொண்டிருந்தாலும் சரி. ஒளிக்க ஏதுமில்லாத மடமல்லவா.

காலாண்டு விடுமுறையின் முதல் நாள், மரகதம் தொழுவத்துப் பரணில் ஏறினாள். சாக்கை அவிழ்த்தாள். துருவேறிய தாழ்ப்பாள் ஒன்றையும் நான்கு திருகாணிகளையும் எடுத்துவந்து, தன் கதவின் உள்பக்கம் பொருத்தினாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

சீடர்களில் மூத்தவர் திரவியம். தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து துறவுக்கு வந்தவர். விதிகளை உதறிவிட்டு வருவதாகச் சொல்லி வந்து, இங்கேயும் விதிகளையே காவல் காத்தார்.

"உலகம்மா, இருபத்திரண்டு வருசத்துல இந்த மடத்துல இப்படி ஒரு காரியம் நடக்கலை. பொம்பளைப் பிள்ளையை வளர்த்திருக்க லெட்சணமா இது?"

உலகம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது. மகள் ஆற்றுக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து, திருப்புளியால் நான்கு திருகாணிகளையும் கழற்றினாள். தாழ்ப்பாளைக் கூடத்துக்கு எடுத்துப்போய், எல்லோரும் பார்க்கக் குருவின் முன்னால் வைத்தாள்.

"நல்ல காரியம்" என்றார் திரவியம்.

குரு தாழ்ப்பாளை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈரத் தலையோடு திரும்பிய மரகதம் கதவில் நான்கு ஓட்டைகளைக் கண்டாள். ஒரு நெல் மூட்டையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தாள். உலகம்மாள் கதவைத் தள்ளிப் பார்த்தாள்.

"ஏட்டி, மூட்டையை எடு."

"வெள்ளிக்கிழமை காலையில பஸ்ஸுக்கு அத்தை வீட்டுக்குப் போறேன். இனிமே இங்க வரமாட்டேன்."

"அப்பன் மாதிரியே பேசுதியே."

சொன்ன வார்த்தையைத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள முடிந்திருந்தால் உலகம்மாள் அப்போதே போட்டிருப்பாள். அன்று திங்கட்கிழமை.

மறுநாள் உச்சிப்பொழுதில் குரு படித்துறையில் வேட்டி அலசிக்கொண்டிருந்தார். உலகம்மாள் இரண்டு படி மேலே நின்றாள்.

"சாமி, ஒரு கேள்வி."

"கேளு."

"எம்பிள்ளை எனக்குத் திரும்ப வேணும்."

"அது கேள்வி இல்லையே."

"எனக்குக் கேள்வியாக் கேக்கத் தெரியலை. கிடைப்பாளா, மாட்டாளா?"

"அறையிலதான இருக்கா?"

"அவ இல்லை. பழைய பிள்ளை."

குரு வேட்டியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"பழைய பிள்ளை எப்படி இருப்பா?"

உலகம்மாளும் உட்கார்ந்தாள். ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தூங்கும்போது மரகதத்துக்குத் தாயின் காது வேண்டும்; காது மடலை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டால்தான் கண் மூடும். கறிவேப்பிலையைத் தட்டிலிருந்து பொறுக்கித் தாய் தட்டில் அடுக்கும். நெற்றியில் வியர்த்தால் தாய் முந்தானையில்தான் துடைக்கும். தன் பாவாடையில் துடைக்காது.

"அப்புறம் ஒரு விளையாட்டு சாமி. அடுக்களை வாசல்ல அப்போ எம் பழைய சேலை ஒண்ணு திரையாத் தொங்கும். அதுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு நிலையில 'டொக் டொக்'னு தட்டுவா. நான் 'யாரு'ன்னு கேக்கணும். 'குருவி'ம்பா. 'எந்தக் குருவி'ன்னு கேக்கணும். 'மழையில நனைஞ்ச குருவி'ம்பா. அப்போதான் 'உள்ள வா'ன்னு சொல்லணும். ஒரு நாள் குருவி, ஒரு நாள் போலீஸ்காரர், ஒரு நாள் சினை மாடு."

"சினை மாடா?"

"வயித்துல தலையணையைக் கட்டிக்கிட்டு."

குரு சிரித்தார். உலகம்மாளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"திரைதான?" என்றார் குரு. "தட்டாம என்னைக்காவது உள்ள வந்திருக்காளா?"

"வரமாட்டா. கை வேலையா நான் மறந்து 'வாட்டி'ன்னு சொல்லிட்டாக்கூட, 'யாருன்னு கேளு'ன்னு அங்கனயே நிப்பா."

"'நீ குருவி இல்லை, மரகதம்'னு நீ எப்பவாவது சொன்னியா?"

"அதெப்படிச் சொல்ல? அழுதுருவா."

"இப்போ?"

குரு எழுந்தார். கூடத்துக்குப் போனார். திரவியம் தாழ்ப்பாளை ஏடுகள் பறக்காமலிருக்க மேலே பாரமாக வைத்திருந்தார். குரு அதையும் நான்கு திருகாணிகளையும் எடுத்துக்கொண்டார். திருப்புளியையும் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தையும் அவரே அடுக்களையிலிருந்து எடுத்தார். மரகதத்தின் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். சீடர்கள் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள்.

குரு கதவைத் தட்டினார்.

அந்த மடத்தில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. தொழுவத்தில் மாடுகூடத் தலையைத் தூக்கியது.

"யாரு?"

"திருப்புளி வச்சிருக்கவன்."

மூட்டை இழுபடும் சத்தம் கேட்டது. மரகதம் கதவைத் திறந்து, அவர் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். விலகி வழிவிட்டாள்.

"சாமி, விதி?" என்றார் திரவியம்.

"போட்டவன் நான்தானவே?"

"கதவு எப்பவும் சும்மா சாத்தித்தான கிடக்கு. தள்ளினா திறந்துட்டுப் போகுது. எதுக்குத் தாழ்ப்பாள், எதுக்குத் தட்டணும்?"

குரு திருகாணியை முறுக்கிக்கொண்டே கேட்டார்: "திரவியம், நீரு கடைசியா எப்போ ஒரு கதவைத் தட்டினீரு?"

திரவியம் யோசித்தார். யோசித்துக்கொண்டே நின்றார்.

நான்காவது திருகாணியும் ஏறியது. குரு எண்ணெய் விட்டு இழுத்துப் பார்த்தார். வெளியே வந்தார். மரகதம் கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

அன்று சாயங்காலம் உலகம்மாள் தட்டினாள்.

"யாரு?"

"அம்மா."

கதவு திறக்கவில்லை.

புதன்கிழமை காலையில் தட்டினாள்.

"யாரு?"

"அம்மாதாண்டி. தோசை ஆறுது."

"வச்சிட்டுப் போ."

வியாழக்கிழமை காலையில் தட்டினாள். யாரு என்ற கேள்விக்கு, "உன்னைப் பெத்தவ, வேற யாரு?" என்றாள். அதற்கு உள்ளேயிருந்து தகரப் பெட்டியில் துணி அடுக்கும் சத்தம் மட்டும் வந்தது. ஒவ்வொரு துணியையும் அவளுக்குத் தெரியும். சத்தத்தை வைத்தே தெரியும் என்றுகூட அந்த நிமிடம் தோன்றியது. மறுநாள் பஸ் ஏழரைக்கு.

உலகம்மாள் குருவிடம் போனாள். அவர் கூடத்தில் தனியாக உட்கார்ந்து, தம் பழைய தோள்பையைத் தைத்துக்கொண்டிருந்தார். ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஐப்பசியிலும் அவர் தனியாக எங்கோ போய் நான்கு நாளில் திரும்புவது வழக்கம். தீர்த்தமாடப் போகிறார் என்பது சீடர்களின் முடிவு.

"நீங்க தாழ்ப்பாளைப் போட்டுக் கொடுத்தீங்க. அவ அதைப் போட்டுக்கிட்டு உள்ள இருக்கா. நான் மூணு நாளாத் தட்டுதேன். திறக்க மாட்டேங்கா."

"'யாரு'ன்னு கேக்காளா?"

"கேக்கா."

"ஒவ்வொரு தரமுமா?"

"ஒவ்வொரு தரமும் கேக்கா. கேட்டு என்ன பிரயோசனம்?"

குரு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ஊசியைப் பையின் ஓரத்தில் குத்திவைத்தார்.

"ஐப்பசிக்கு ஐப்பசி நான் எங்க போறேன், உலகம்மா?"

"தீர்த்தமாட."

"கடலோரத்துல ஒரு ஊர். கிழக்குத் தெருவுல மூணாவது வீடு. எம்மகன் இருக்கான். ஏழு வயசுல, தூங்கும்போது விட்டுட்டு வந்தேன். இருபத்திரண்டு வருசமாப் போய்த் தட்டிக்கிட்டிருக்கேன்."

இந்த மடத்தில் தாழ்ப்பாள்களைக் கழற்றியும் இருபத்திரண்டு வருடம்தான் ஆகிறது என்பது உலகம்மாளுக்கு மெல்ல உறைத்தது.

"திறக்கலையா சாமி?"

"உள்ள ஆள் நடமாடுத சத்தம் கேக்கும். ஒரு தடவை பேரப்பிள்ளை சிரிக்கிறதுகூடக் கேட்டுச்சு."

பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"'யாரு'ன்னு ஒரு நாளும் அவன் கேட்டதில்லை."

உலகம்மாள் திரும்பி நடந்தாள். அடுக்களையைக் கடந்தாள். அடுப்பில் சாம்பார் கொதித்து வழிந்துகொண்டிருந்தது. அவள் வாழ்நாளில் முதல் தடவையாக அதை இறக்காமல் போனாள். கதவின் முன்னால் நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தட்டினாள்.

"யாரு?"

அம்மா என்று வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாள்.

"குருவி."

பெட்டியின் சத்தம் நின்றது. பிறகு, கதவுக்கு வெகு அருகிலிருந்து கேட்டது.

"எந்தக் குருவி?"

"மழையில நனைஞ்ச குருவி."

"வெளியே நல்லா வெயில்தான அடிக்கி."

"குருவி நனைஞ்சுதான் இருக்கு."

தாழ்ப்பாளுக்குக் குரு எண்ணெய் விட்டிருந்ததால் அது விலகிய சத்தமே கேட்கவில்லை. கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்தது. மகளின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. உலகம்மாள் நிலைக்கு வெளியிலேயே நின்றாள். கையை நீட்டவில்லை. காலை எடுத்து வைக்கவில்லை.

"என்ன அங்கனயே நிக்கே?" என்றாள் மரகதம். "சாம்பார் தீயுது. உள்ள வா."

மரகதம் அந்த வெள்ளிக்கிழமை போகவில்லை. இரண்டு வருடம் கழித்துப் படிக்கப் போனாள். சில விடுமுறைகளுக்கு வந்தாள், சிலவற்றுக்கு வரவில்லை. குரு அந்த ஐப்பசியிலும் போனார். வந்து எதுவும் சொல்லவில்லை.

உலகம்மாள் மேலும் பதினோரு வருடம் அந்த மடத்தில் சமைத்தாள். குரு இறந்த பிறகு சீடர்கள் அடுக்களைக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். உலகம்மாள், மகள் வேலை பார்த்த ஊருக்குப் போய், அங்கே பதினான்கு வருடம் இருந்து, அறுபத்தாறாம் வயதில் நெஞ்சுவலி வந்து இறந்தாள். மடம் அச்சிட்டிருக்கும் வரலாற்றில், குருவின் நேரடிச் சீடர்கள் ஆறு பேர் என்று இருக்கிறது.