ஞானசிகாமணிக்கு ஒரு சும்மாடு

மொட்டைமாடிச் சூட்டைத் தடுக்க ஃபோம் போட வந்த கான்ட்ராக்டர் ஞானசிகாமணி, "விலை குறைஞ்ச மெத்து ஃபோமே போதும்மா, சொட்டுத் தண்ணி குடிக்காது" என்று வீட்டுக்கார வசந்தாவிடம் அடித்துவிட்டார்.

"குடிக்குங்க. கெட்டி ஃபோம்தான் மழைக்குத் தாங்கும்" என்றாள் சித்தாள் செங்கமலம்.

"நீ எந்தக் காலேஜ்ல படிச்ச? வெட்டாம, பிழியாம நிரூபி பார்ப்போம். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத!"

செங்கமலம் இரண்டு ஃபோம் துண்டையும் வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துத் துடைத்தாள். கெட்டித் துண்டைத் தன் தலையில் சும்மாடாக வைத்து, மேலே நான்கு செங்கல்லை ஏற்றிக்கொண்டாள். ஒரு சொட்டுகூட வழியவில்லை. மெத்துத் துண்டை அவரிடம் நீட்டினாள்.

"இது உங்க தலைக்குங்க ஐயா. செங்கல்லை நானே தூக்கி வைக்கிறேன்."

கறுப்புச் சாயம் பூசிய தலையை இரு கையாலும் பொத்திக்கொண்டு மாடிப்படி வரை பின்வாங்கினார் ஞானசிகாமணி.

"குடிக்காதுன்னீங்களே, அப்புறம் ஏன் சார் ஓடறீங்க?" என்றாள் வசந்தா. "கெட்டி ஃபோமே போடுங்க. செங்கமலம் பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் நான் உங்க பில்லுல கையெழுத்துப் போடுவேன்."