மந்திரி தோற்ற நாள்

வெகு காலத்துக்கு முன்னால் வழுதூர்ச் சீமையை மாரப்ப பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், கொடைக்கும் குறைவில்லை. ஒரே ஒரு சங்கடம், தாம் சொன்னது தப்பு என்று யாராவது காட்டிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவருக்கு வாய்த்த மந்திரி குழைக்காதரோ, வாதம் என்று வந்தால் எதிராளியை மண்ணைக் கவ்வ வைக்காமல் விடமாட்டார். இப்படி இரண்டு பேர் ஒரே சபையில் உட்கார்ந்தால் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வாதத்தில் ஜெயித்தவர் பல்லக்கில் ஏறி ஏரிக்கரை மேல் ஊர்வலம் போவார். தோற்றவர் கூடவே குடை பிடித்து நடப்பார். குழைக்காதர் அந்தக் குடையைத் தொட்டதே இல்லை.

அந்த ஐப்பசியில் ஏரி தளும்பியது. தெப்பத் திருவிழாவுக்குத் தண்ணீர் வேண்டும், இனி மழை வராது, மடையைத் திறக்காதே என்று ராஜா உத்தரவு போட்டார். மழை அதைக் காதில் வாங்காமல் கொட்டித் தீர்த்தது. மடைக்காரர் ஓடிவந்து, கரை கசிகிறது, இன்னொரு மழை தாங்காது, கீழே இருக்கிற கருங்குடி மொத்தமும் போய்விடும் என்று மந்திரியிடம் அழுதார்.

குழைக்காதர் சபையில் ஆதாரம் மேல் ஆதாரமாக அடுக்கினார். அடுக்க அடுக்க ராஜாவின் முகம் இறுகியது. பக்கத்தில் அரண்மனை அதிகாரி வேலப்பராயர் வேறு. மந்திரி பதவி மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். உத்தரவை மாற்றினால் ஊர் சிரிக்கும், கரையைப் போய்ப் பார்த்தாலே தோற்ற மாதிரிதான் என்று ராஜா காதில் ஓதினார். ராஜா அசையவே இல்லை.

மறுநாள் காலையில் வானம் மறுபடி கருத்தது. சபையில் உட்கார்ந்திருந்த குழைக்காதருக்கு, நியாயம் முழுக்கத் தம் பக்கம் இருந்தும் கருங்குடிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. விளக்கெண்ணெய் குடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எழுந்தார்.

“அரசே, நான் தோற்றேன். குடையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.”

ராஜாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மேளத்துக்குச் சொல்லி அனுப்பியதே வேலப்பராயர்தான்.

தூறலில் பல்லக்கு கரை ஏறியது. பாதி வழியில் பல்லக்குத் தூக்குகிறவர்களின் கால் முழங்கால் வரை சேற்றில் புதைந்தது, பல்லக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ராஜா எட்டிப் பார்த்தார். கரையின் கீழ்ப்பக்கம் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கருங்குடியின் கூரைகள், வாசலில் விளையாடும் பிள்ளைகள். உடனே மடையைத் திறக்கச் சொல்லிக் கத்தினார்.

தண்ணீர் வடியத் தொடங்கியதும் வேலப்பராயர் முந்திக்கொண்டார். மந்திரி தோற்கவே இல்லை, உங்களை இங்கே இழுத்துவரப் போட்ட நாடகம் என்றார்.

ராஜா திரும்பினார். “உண்மையா, குழைக்காதரே?”

“இழுத்துவந்தது உண்மை. தோற்றதும் உண்மைதான் அரசே. இத்தனை நாளும் உங்களை ஜெயிக்கத்தான் பேசினேன். கருங்குடிக்காகப் பேசியிருந்தால் முதல் நாளே தோற்றிருப்பேன்.”

ராஜா பல்லக்கிலிருந்து சேற்றில் இறங்கி, சுற்றி நின்ற ஜனங்கள் கேட்க, தம் உத்தரவு தப்பு என்றார்.

வேலப்பராயர் பதறிப்போனார். “ராஜ வாக்கு தப்பாகுமா? மழைதான் தப்பு.”

“அப்படியா? அது திருந்துகிற வரைக்கும் நீர் இங்கேயே மண் சுமந்து கரையைக் கட்டும்” என்றார் ராஜா.

கூட்டம் சிரித்த சிரிப்பில் ராஜாவும் சேர்ந்துகொண்டார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். அப்புறம் அவர் காதோரம் குனிந்து ரகசியமாகச் சொன்னார்:

“இவ்வளவுதானா அய்யா இது? சொன்னால் நாக்கு வெந்துவிடும் என்றல்லவா இத்தனை வருஷமும் பயந்துகொண்டிருந்தேன்.”