நாற்பத்தொன்றாம் விதி

"இன்னும் எத்தனை நாளைக்கு அம்மணி நான் பக்கத்து சீட்டுலயே உட்கார்ந்து வர்றது?" என்று கேட்டார் சென்னியப்பன்.

விசைத்தறியில் இருபத்தைந்து வருடம் நின்ற மனுஷர். தறியை எடைக்குப் போட்ட பிறகு, நாற்பத்தொன்பதாவது வயதில், ஈரோட்டில் ஒரு பார்சல் கம்பெனிக்கு வேன் ஓட்ட வந்திருந்தார்.

அவரைப் பழக்கிவிட வாய்த்தவள் கௌசல்யா. அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அவள் கையெழுத்துப் போட்டுச் சாவி தந்தால்தான் அவர் தனியே வண்டி எடுக்க முடியும். பதினோரு நாளாகியும் தரவில்லை.

"விதியெல்லாம் படிச்சீங்களாண்ணா?"

"நாப்பத்தொண்ணும் தலைகீழாச் சொல்வேன். தினமும் சம்சாரத்துகிட்ட ஒப்பிச்சு ஒப்பிச்சு, இப்ப அவளுக்கே மனப்பாடம்."

"அப்ப சாவியை அவங்ககிட்டயே குடுத்துடலாம்."

சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சென்னியப்பன் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். மூச்சு விடாமல், வாய்ப்பாடு போல. ஓர் எழுத்து பிசகவில்லை.

"பதினேழை இன்னொரு தடவை சொல்லுங்க."

"பின்கதவு பூட்டிய சத்தம் காதில் விழாமல் வண்டியை நகர்த்தாதே."

"யார் எழுதினது?"

"ஆபீஸ்ல எழுதியிருப்பாங்க."

"ஆபீஸ்ல அச்சடிக்கறதோட சரி. இங்க தப்பு செஞ்ச டிரைவர்தான் விதி எழுதணும். பெரிய முதலாளி காலத்துப் பழக்கம். பதினேழு, மாரண்ணன் எழுதினது. கதவு திறந்து கிரைண்டர் பெட்டி ரோட்டுல விழுந்துருச்சு. பின்னாடி மொபெட்டுல புருஷனும் பொண்டாட்டியும்."

"என்னாச்சுங்க?"

"மாரண்ணன் அதுக்கப்புறம் சைக்கிள்கூட மிதிக்கறதில்லை."

சென்னியப்பன் சட்டைப்பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பார்த்துப் பார்த்துத் தேய்ந்த பக்கங்கள்தான். இப்போது புதிதாகப் பார்ப்பவர் போல மெதுவாகப் புரட்டினார்.

கடைசி விதியில் விரல் நின்றது.

'சுற்றிப் பார்த்துவிட்டு ஏறிய பின் தாமதமானால், மறுபடி இறங்கிப் பார்.'

"இது யாருங்க?"

கௌசல்யா வேனின் பக்கக் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"நான்."

அவளே சொன்னாள்.

"பெருந்துறைப் பக்கம் ஒரு வீடு. உச்சி வெயில். பார்சலைக் குடுத்துட்டு வண்டியைச் சுத்திப் பார்த்தேன். யாருமில்லை. ஏறினேன். அடுத்த வீடு எங்கன்னு போன்ல ரெண்டு நிமிஷம் தேடினேன். அப்புறம் பின்னால எடுத்தேன். அப்ப இருந்த நாப்பது விதியில ஒண்ணைக்கூட மீறலைங்கண்ணா."

"ம்."

"அந்த வீட்டுப் பெரியவர் எனக்குச் சொம்புல தண்ணி எடுத்துட்டு வந்திருக்கார். பின்பக்கமா."

"இருக்காருங்களா?"

"இருக்கார். நடக்கறதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் நின்னேன். 'வெயில்ல வந்தியே சாமி, கடைசில தண்ணி குடிச்சியா'ன்னு கேட்டார்."

கிடங்கில் யாரோ மூட்டையைத் தொப்பென்று போட்டார்கள்.

"விதி எழுதச் சொன்னாங்க. நாலு பக்கம் எழுதினேன். ஒரு வரி போதும்னுட்டாங்க."

சென்னியப்பன் அந்த ஒரு வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பாதியில் நின்றுபோனது. மறுபடி தொடங்கினார். மறுபடி நின்றது.

கௌசல்யா பேனாவை எடுத்து அவர் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

அவர் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். வெள்ளைத் தாள். அதற்கடுத்ததும் வெள்ளைத் தாள்.

"பின்னாடி எதுக்கு அம்மணி இத்தனை தாளைச் சும்மா விட்டிருக்காங்க?"

அவள் சாவியை நீட்டினாள்.

சென்னியப்பன் கையை நீட்டவில்லை.

"நாளைக்கும் ஒரு நாள் உங்க பக்கத்துல உட்கார்ந்து வர்றேனுங்க."