எழாத இருக்கை

அல்லியும் ஜெபராஜும் கூட்டாளிகள். அரிசி ஆலைக்குப் பின்னால் ஒரு கொட்டகை பிடித்து, நிமிர்த்தினால் ஏணியாகிற கட்டில், சுவரோடு மடங்கிக்கொள்கிற சாப்பாட்டு மேசை என்று என்னென்னவோ செய்து பார்த்தார்கள்.

அதில் உருப்படியானது முழங்கால் வலிக்காரர்களுக்கான நாற்காலிதான். எழப் பார்த்தால் போதும், இருக்கை பின்னாலிருந்து உயர்ந்து, கைகொடுத்த மாதிரி ஆளைத் தூக்கிவிடும். ஆள் போனபின் உயர்ந்தே நிற்கும்.

பத்து நாளாக அது எழவில்லை. யாரும் உட்காராமலே, ஆள் கனத்துக்குத் தாழ்ந்த மாதிரி தாழ்ந்து கிடந்தது.

மறுநாள் முதியோர் இல்லத்திலிருந்து பார்க்க வருகிறார்கள். இதுவும் கைவிட்டால் கொட்டகையைக் காலி செய்ய வேண்டியதுதான். தொழில் சொல்லிக்கொடுத்த சாலம்மாள் டீச்சரைப் போய்க் கூட்டிவந்தார்கள். நல்ல உச்சி வெயில்.

டீச்சர் இருக்கைமேல் உள்ளங்கையை வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

"கதகதன்னு இருக்கே. இப்ப யாரு உட்கார்ந்திருந்தா?"

"யாருமில்ல டீச்சர்," என்றான் ஜெபராஜ். "ஸ்பிரிங் மூணு தடவை மாத்தியாச்சு. இவ போட்ட அளவுதான் தப்பு."

"ஆமா, நல்லா வந்தா நீ செஞ்சது. கெட்டுப்போனா நான் செஞ்சது."

"சண்டை அப்புறம். கடைசியா உட்கார்ந்தது யாரு?"

அல்லிதான் சொன்னாள்.

"பொன்னுரங்கம் ஐயா. மில்லு வாட்ச்மேன். நாங்க எது செஞ்சாலும் அவர்தான் முதல்ல உட்கார்ந்து பார்ப்பார்."

"அவரைக் கூப்பிடு."

"இறந்துட்டார் டீச்சர். இதுல உட்கார்ந்தபடியே."

"நெஞ்சுவலி," என்றான் ஜெபராஜ் அவசரமாக. "நாங்க அப்போ இங்க இல்ல. ரொம்ப நேரம் கனம் தாங்குதான்னு பார்க்கத்தான் உட்காரவெச்சோம்."

"என்ன சொல்லிட்டுப் போனீங்க?"

அல்லி தரையைப் பார்த்தாள்.

"நாங்க வந்து சொல்ற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாதுன்னோம். ஒரு மணி நேரத்துல வந்துடறோம்னோம். சாப்பிட்டுட்டு அப்படியே படத்துக்குப் போயிட்டோம். வந்து பார்த்தா, மில்லு ஆளுங்க தூக்கிட்டுப் போயிருந்தாங்க."

டீச்சர் திட்டவில்லை. போய்க் கதவை அகலத் திறந்து வைத்தார். வாசலோரம் ஒரு ஜோடி பழைய ரப்பர் செருப்பு கிடந்தது. அதை வெளியே பார்க்கத் திருப்பி வைத்தார்.

"அப்போ வந்து சொல்லுங்க," என்றார்.

ஜெபராஜ் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

அல்லி நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஐயா, நேரமாயிடுச்சு. வராம இருந்துட்டோம், மன்னிச்சிடுங்க. போதும் ஐயா. எழுந்திருங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் இருக்கை மெல்ல, சத்தமே இல்லாமல் உயர்ந்து நின்றது.

ஜெபராஜ் ஒரே எட்டில் வாசலுக்குப் போய்க் கதவைப் பிடித்தான்.

"சரியாயிடுச்சு டீச்சர். சாத்திடட்டுமா?"

"இருப்பா," என்றார் டீச்சர். "அவருக்கு முழங்கால் வலி. இன்னும் பாதி தூரம்கூட வந்திருக்க மாட்டார்."