சாம்பலி இறங்காத நாள்

வியாசர்பாடியில தேசிங்குன்னு ஒருத்தர் இருந்தாரு. மில்லுல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவரு. ரிட்டையர் ஆனா மனுசன் பொழுதுக்கு என்ன பண்ணுவான்? அவரோட அண்ணன் டிவி முன்னாடி உக்காந்தாரு. சீரியல்ல யாராச்சும் அழுதா இவரும் சேர்ந்து அழுவாரு. ரேஷன் கடை வரிசையில நின்னுக்கிட்டு, "அந்தப் பொண்ணை இப்பிடிப் படுத்துறாளே மாமியாரு"ன்னு மூக்கைச் சிந்துவாரு. கேக்குறவங்க அவர் வீட்டு மருமகளைத்தான் சொல்றாருன்னு நினைச்சு, அவர் பொண்டாட்டியை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பிச்சாங்க. அதுல பெரிய சண்டையே வந்துச்சு. அது கிடக்கட்டும். தம்பி தேசிங்கு புறா வளர்த்தாரு.

மொட்டை மாடியில கூண்டு. அதுல சாம்பல் நிறத்துல ஒண்ணு. அது பேரு சாம்பலி. பெத்த புள்ளைக்குக்கூட அவரு அப்பிடிப் பொட்டுக்கடலை ஊட்டினதில்ல.

கோடை வந்தா அந்தப் பக்கம் புறாப் பந்தயம். விடியக்காலையில விடுவாங்க. தன் வீட்டுக்கு மேலயே சுத்திக்கிட்டு, எல்லாத்துக்கும் கடைசியா எது இறங்குதோ அதுதான் ஜெயிக்கும். ஓட்டுல கால் பட்டா ஆட்டம் க்ளோஸ். ஏமாத்து நடக்கக் கூடாதுன்னு ஒவ்வொரு மாடியிலயும் ஒரு நடுவர் குடை பிடிச்சு உக்காந்திருப்பாரு.

மூணு வருசமா சாம்பலி மத்தியானச் சோத்துக்கு முன்னாடியே இறங்கிடும். அவரு மச்சான் சாரங்கன் பக்கத்துத் தெருதான். ஜெயிக்கிறதெல்லாம் அவன் புறா.

"மச்சான், அது புறாவா கோழியா? முட்டை போட்டா சொல்லு, ஆம்லெட்டுக்கு ஆவும்" அப்பிடிம்பான்.

பொண்டாட்டி பவுனம்மா அதுக்கும் மேல. "இந்த வருசமும் சீக்கிரமா இறங்குச்சுன்னா கூண்டைப் பிரிச்சுருய்யா. எனக்கு வத்தல் காயவைக்க இடமில்ல. போன தடவை ஓரமாக் காயவெச்ச வத்தலை உன் புறாதான் தின்னுச்சு. சத்தியமாத் தின்னுச்சு."

அவ சொன்னா சொன்னதுதான். கூண்டு போனா தேசிங்குக்கு உசுரு போன மாதிரி.

அதனாலதான் அவரு ஷமீம்கிட்ட சிஷ்யனாச் சேர்ந்தாரு. ஷமீமுக்கு முப்பது வயசு இருக்கும். புறாக்காரங்க அவ அப்பாவை உஸ்தாத்னு கூப்பிடுவாங்க. அவரு போனப்புறம் புறாவும் அவகிட்ட வந்துச்சு, உஸ்தாத்ங்கற பட்டமும் அவகிட்டயே வந்துச்சு. தேசிங்குக்கு அவ மக வயசு. ஆனாலும் அவ வீட்டுக் கூண்டைக் கூட்டித் துடைச்சுட்டு, கை கட்டி நிப்பாரு.

"உஸ்தாத், என் புறா ஏன் இறங்குது?"

"கம்பு போட்டீங்களா மாமா?"

"போட்டேன்."

"தண்ணி?"

"வெச்சேன்."

"நோய் நொடி?"

"ஒண்ணும் இல்ல."

"அப்போ சரி."

அவ்ளோதான் பதில். இன்னொரு நாள் மறுபடி கேட்டாரு. "பந்தயத்தன்னைக்கு வர்றேன் மாமா"ன்னுட்டா.

சொன்ன மாதிரியே வந்தா. மாடியில தேசிங்கு ஒவ்வொரு வருசமும் போல நெத்தியில கையை வெச்சு, அண்ணாந்து, கழுத்து நோக நிக்கிறாரு. மேல சாம்பலி ஒரு புள்ளியா சுத்துது.

"மாமா, கீழ வாங்க."

"எதுக்கு உஸ்தாத்?"

"தாயம் ஆடலாம்."

"என் மானம் வானத்துல சுத்துது, தாயமா!"

"நான் குருவா, இல்லையா?"

"குருதான்."

"அப்போ இறங்குங்க."

பவுனம்மா தரையில சாக்பீஸால கட்டம் போட்டு வெச்சிருந்தா. மூணு பேரும் உக்காந்தாங்க. தேசிங்கு மெல்ல போனை எடுத்தாரு. பக்கத்து மாடிப் பசங்க பந்தயத்தை லைவ்ல காட்டுறாங்களாம். ஷமீம் அதைப் பிடுங்கி அரிசி டின்னுல போட்டு மூடினா.

அவரு கையில கட்டை உருளுது, கண்ணு கூரையில நிக்குது. தாயம் விழவே மாட்டேங்குது. விழுந்து ஒரு காய் ஏறினதும் பவுனம்மா பட்டுனு வெட்டிட்டா.

"போச்சு! உன் புறா மாதிரியே உன் காயும் கூண்டுக்குத் திரும்பிருச்சு!"

தேசிங்குக்கு சுருக்குன்னுச்சு. லுங்கியை மடிச்சுக் கட்டிட்டு நல்லா முன்னாடி வந்து உக்காந்தாரு. "வெட்டுறியா? இப்பப் பாரு!"

கருவாட்டுக் குழம்பு சோறு பக்கத்துல வந்துச்சு. ஒரு கையில சோறு, ஒரு கையில கட்டை. வெயில் வாசப்படி தாண்டி உள்ள வந்துச்சு, அப்புறம் சுவரு மேல ஏறுச்சு. யாரும் பார்க்கல. தேசிங்குக்கு ஒரே ஒரு காய்தான் பாக்கி. பன்னெண்டு விழுந்தா பழம்.

வாசல்ல சாரங்கன் வந்து நின்னான். மூஞ்சி தொங்கிப் போயிருக்கு.

"மச்சான்..."

"இருடா!"

"மச்சான், என் புறா இறங்கிருச்சு."

"இருடாங்கறேன்! பன்னெண்டு வேணும்!"

கட்டை உருண்டுச்சு. பன்னெண்டு!

"பழம்டீ! பழம்!" தேசிங்கு எழுந்து குதிச்சாரு. குதிச்சவரு பாதியில நின்னாரு. "டேய், என்ன சொன்ன நீ?"

"எல்லாப் புறாவும் இறங்கிருச்சு மச்சான். உன்னுது மட்டும்தான் மேல நிக்குது."

படியில தடதடன்னு எல்லாரும் ஏறினாங்க. சாயங்கால வெளிச்சத்துல ஒத்தப் புள்ளி. நடுவர் குடையை மடக்கி, விசிலை ஊதி, தேசிங்கு கையைத் தூக்கினாரு. ஒவ்வொரு மாடியிலயும் விசிலு, கைதட்டு. சாரங்கனே வந்து அவரைத் தோள்ல தூக்கிட்டான். பவுனம்மா தெருவைப் பார்த்துக் கத்துறா: "எங்க வீட்டுப் புறாடீ! நாந்தான்டீ வளர்த்தேன்!"

அந்தக் கூச்சல்ல தேசிங்கு மச்சான் தோள்லேருந்து இறங்கி, நெத்தியில கையை வெச்சு அண்ணாந்து பார்த்தாரு.

மேல சுத்திக்கிட்டிருந்த சாம்பலி ஒரு வட்டம் போட்டுச்சு. இறக்கையை மடக்குச்சு. கல்லு மாதிரி விழுந்து, அவரு தோள்ல வந்து உக்காந்துச்சு.

ஜனம் சிரிச்சுது. தேசிங்கு சிரிக்கல. ஷமீமைத் திரும்பிப் பார்த்தாரு.

"உஸ்தாத், பொழுதன்னிக்கும் இறங்காதது இப்போ ஏன் உடனே இறங்குது?"

"நீங்க கூப்பிட்டீங்க மாமா."

"நான் எங்க கூப்பிட்டேன்? வாயையே திறக்கலையே!"

ஷமீம் புறாவோட முதுகைத் தடவிக் குடுத்தா.

"அவ்ளோ உயரத்துலேருந்து அதுக்கு உங்க வாயி தெரியாது மாமா. அண்ணாந்த மூஞ்சிதான் தெரியும்."