குழந்தையைத் தூக்காத அப்பா

எலும்பு மருத்துவர் அருளப்பனுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. எளிதில் நொறுங்கும் எலும்போடு பிறக்கும் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கக் கற்றுக்கொள்வதற்காக, தன்னைவிட இளையவரான டாக்டர் செண்பகவல்லியிடம் வந்து சேர்ந்திருந்தார்.

செண்பகவல்லியின் வார்டில் பூவிழி என்ற ஒன்றரை வயதுக் குழந்தை இருந்தாள். அவளுடைய அப்பா சுடலைமணி அவளைத் தூக்கியபோதுதான் தொடை எலும்பு முறிந்தது. அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்தது. இப்போது எலும்பு கூடிவிட்டது. மாவுக்கட்டையும் பிரித்தாயிற்று. ஆனாலும் அவர் கட்டிலை விட்டுத் தள்ளியே நின்றார். மனைவிக்கு அடுத்த பிரசவம் நெருங்கியிருந்தது. இனி குழந்தையை அவர்தான் தூக்கியாக வேண்டும்.

செண்பகவல்லி தினமும் அவருக்குத் தூக்கிக் காட்டினார். விரித்த கை ஒன்று இடுப்புக்கு அடியில். இன்னொன்று தலைக்கும் தோளுக்கும் அடியில். அக்குளைப் பிடித்துத் தூக்கக் கூடாது, காலைப் பிடித்து இழுக்கக் கூடாது. சுடலைமணி எல்லாவற்றையும் ஒப்பித்தார். கையை மட்டும் நீட்டவில்லை.

"இனிமே உடையாதுன்னு சொல்லுங்கம்மா, தூக்கறேன்."

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. உடைஞ்சா சேர்த்துடலாம். தூக்காம வளர்க்க முடியாது."

சுடலைமணி இன்னும் ஓரடி தள்ளி நின்றார்.

"எலும்புக்கு மருந்து ஏத்தறோம். அவரோட பயத்துக்கு என்ன குடுக்கறது மேடம்?" என்று கேட்டார் அருளப்பன்.

செண்பகவல்லி அருளப்பனைக் கட்டிலருகே அழைத்துப்போனார்.

"இன்னிக்கு நீங்க தூக்குங்க சார்."

எத்தனையோ பேருக்கு எலும்பை அறுத்துச் சேர்த்தவர் அருளப்பன். இப்படி ஒரு குழந்தையை அவர் தூக்கியதே இல்லை. குனிந்து, கைகளைக் குழந்தைக்கு அடியில் நுழைத்தார். விரல்கள் நடுங்கின. தூக்காமல் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன சார்?" என்றார் சுடலைமணி.

"பயமா இருக்குங்க."

"உங்களுக்குமா?"

"ஆமா."

சுடலைமணி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டிலருகே வந்தார்.

"விடுங்க சார். நான் பார்க்கறேன்."

அவர் கையும் நடுங்கியது. நடுங்கிய கையாலேயே இடுப்புக்கு அடியில் தாங்கினார், தலைக்கு அடியில் தாங்கினார், தூக்கினார். ஒரு சத்தமும் கேட்கவில்லை. பூவிழி கையை நீட்டி அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள்.

"வலிக்குது பாப்பா," என்றார். அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. முகம் சிரித்தது. மனைவி வந்து கேட்டபோதும் குழந்தையைக் கொடுக்கவில்லை. ஜன்னலருகே கொண்டுபோய்த் தெருவைக் காட்டினார்.

வராந்தாவுக்கு வந்ததும் அருளப்பன் சொன்னார்: "எனக்குக் கூச்சமா இருக்கு மேடம். நான் பயந்ததை அவர் பார்த்துட்டார். நீங்களே தூக்கிக் காட்டியிருக்கலாமே."

"நான் தினமும் காட்டினேனே சார். என் கையில நடுக்கமே இல்ல. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் தள்ளித் தள்ளி நின்னார்."